ஒரே பாட்டில்

கண்ணாடி டாக்டருக்கு அன்று காலையிலேயே கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து வந்த வினை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு மூக்குக் கண்ணாடி காரணமில்லை, அது அங்கே பாதிப் பேருக்கு இருக்கிறது. நோயாளிகளின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து, சீவல் சீவலாக நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைப் பார்த்து இது கட்டி, இது வெறும் வீக்கம், இது கெட்ட கட்டி என்று சொல்வதுதான் அவள் வேலை. உயிரோடு நடமாடும் நோயாளி யாரும் அவள் அறைப் பக்கம் வருவதில்லை. "அண்ணி, பேருக்குத்தான் நீங்க டாக்டர். ஒரு தலைவலி மாத்திரை எழுதித் தரத் தெரியாது" என்று நாத்தனார் எல்லோர் எதிரிலும் சொல்லிச் சிரிப்பாள். இவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். மறுத்துப் பேசத் தெம்பு வேண்டுமே.

தெம்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. கூட வேலை பார்த்தவர் வேறு வேலை கிடைத்துக் கிளம்பியதிலிருந்து இரண்டு பேர் வேலையும் அவள் தலையில்தான். வேறு ஆள் போடுகிறோம், இதோ போடுகிறோம் என்று நிர்வாகத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்வதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. சில்லுகள் அடுக்கிய தட்டுகள் மட்டும் மேஜையில் ஏறிக்கொண்டே போயின. ஒரு தட்டை முடித்து நிமிர்ந்தால் இன்னொரு தட்டு வந்து உட்கார்ந்திருக்கும்.

அன்றைய தட்டில் கடைசி வரிசையில் இருந்தது மூக்குச் சதை. அதைப் பார்ப்பது அவளுக்கு ஓய்வு மாதிரி. ஒவ்வாமையால் தும்மித் தும்மி மூக்கின் உள்தோல் வீங்கி, நீர் கோத்து, உரித்த திராட்சை போலத் தொங்கும். மூச்சு அடைக்கிறது என்று வருகிறவர்களுக்கு அறுத்து எடுத்து இங்கே அனுப்புவார்கள். 'சாதாரணச் சதை' என்று எழுதினால் வேலை முடிந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். இந்த ஆளுடைய துண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படித்தான் வந்தன, வெளிறிப்போய், ஊறிப்போய், ஒரு வம்பும் இல்லாத சோம்பேறிச் சதை. அடுத்த சில்லை வைத்தவள் அதை நகர்த்தவில்லை.

இந்தத் துண்டில் மேல்தோல் வெளியே வளர்வதற்குப் பதிலாக உள்ளே வளர்ந்திருந்தது. சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி விரல் விரலாகச் சதைக்குள் இறங்கியிருந்தது. அதுவே தொல்லை பிடித்த கட்டிதான். வேரோடு எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும், ஆனால் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. வினை ஒரு மூலையில் இருந்தது. அங்கே செல்கள் வரிசை கலைந்து, கரு பெருத்து, தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. லென்ஸை மாற்றிப் பார்த்தாள். கழுத்தை நீவிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். சந்தேகத்துக்கே இடமில்லை, புற்றுநோய். சின்னதுதான், இப்போதுதான் தலையெடுக்கிறது, ஆனாலும் புற்றுநோய்.

நல்ல வேளை, சீக்கிரமே கண்ணில் பட்டதே என்று முதலில் நிம்மதிதான் வந்தது. எழுதுவதற்குப் பேனாவை எடுத்தாள். இடது மூக்கா வலது மூக்கா என்று பார்க்கச் சதை வந்த பாட்டிலைத் தேடி எடுத்தாள். 'மூக்குச் சதை, இரண்டு பக்கமும்' என்று ஒட்டியிருந்தது.

பாட்டிலைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தாள்.

"இவரோட இன்னொரு பாட்டில் எங்க?" என்று டெக்னீஷியனைக் கேட்டாள். அவர் அறையின் மறுகோடியில் மெழுகுக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணா? மூக்குக்கு ஒரே பாட்டில்தானே மேடம் வரும்?"

"ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் போட்டா அனுப்பினாங்க?"

"எப்பவும் அப்படித்தானே. நீங்கதானே மேடம் அப்படி அனுப்பச் சொன்னீங்க" என்றார் அவர். குத்திக்காட்ட வேண்டும் என்றெல்லாம் இல்லை. காற்றாடியைப் போடச் சொன்னீங்களே என்பது போலத்தான் சொன்னார்.

சொன்னது அவள்தான். முன்பெல்லாம் ஆபரேஷன் அறையிலிருந்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனி பாட்டிலில்தான் வரும். முறை அதுதான். தனி ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு நாள், பாட்டில்கள் குவிந்து கிடந்த எரிச்சலில் போனை எடுத்துக் கத்திவிட்டாள். "ரெண்டு பக்கமும் அதே திராட்சைதானே, அதுக்கு எதுக்கு ரெண்டு பாட்டில்? எல்லாத்தையும் ஒண்ணுல போட்டு அனுப்பித் தொலைங்க" என்றாள். மறுமுனையில் நர்ஸ் "சரிங்க மேடம்" என்று சொன்ன வேகத்தைப் பார்த்தால், இப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்று அங்கேயும் காத்திருந்திருக்கிறார்கள். அன்றோடு அந்த வேலை பாதியாயிற்று. அவளுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. இப்போது ஒரே பாட்டிலில் ஊறிக் கிடந்த துண்டுகளில், கெட்ட துண்டு எந்தப் பக்கத்து மூக்கிலிருந்து வந்தது என்று அந்தக் கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது.

போனில் சொல்ல மனம் வரவில்லை. சில்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மூக்கு டாக்டரைத் தேடிப் போனாள்.

மூக்கு டாக்டருக்கு மூக்கு கொஞ்சம் பெரிசு. தொழிலுக்கு இதுதான் விளம்பரப் பலகை என்று அவரே சொல்லிக்கொள்வார். அறைக்கு வெளியே ஜனம் நெருக்கியடித்து நின்றது. உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம் அறையை விட்டு எழுந்து வந்திருக்கீங்கன்னா நல்ல சேதியா இருக்காதே."

அவள் சொன்னாள். "எந்தப் பக்கம்னு உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"எப்படி மேடம் இருக்கும்? ரெண்டு பக்கமும் அடைச்சிக் கிடந்திச்சு. எல்லாம் ஒரே மாதிரி தொங்கிச்சு. பிடிச்சி இழுத்து இழுத்துப் போட்டோம்." கம்ப்யூட்டரில் அந்த ஆளுடைய ஸ்கேன் படத்தைத் திறந்து இரண்டு பேரும் பார்த்தார்கள். இந்தப் பக்கம் எப்படி நிரம்பிக் கிடந்ததோ அப்படியேதான் அந்தப் பக்கமும். எலும்பு எங்காவது தடித்திருந்தால் கட்டியின் வேர் அங்கே இருந்தது என்று ஊகிக்கலாம், அந்தத் துப்பும் கிடைக்கவில்லை.

"நீங்கதானே மேடம் அன்னைக்கு..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார். நான்தான் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. கேட்டவன் நான். ஒரு வேலை குறைஞ்சிதுன்னு சந்தோஷமாத்தானே கேட்டேன்." முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். "இன்னொண்ணு இருக்கு மேடம். அந்த ஆளுக்குக் கண்ணு ஒண்ணுதான். சின்ன வயசுல கம்பி குத்தி இடது கண்ணு போயிடுச்சு. செல்போன் ரிப்பேர் பண்றவரு. வலது கண்ணை வச்சித்தான் குடும்பமே ஓடுது."

அவள் நோயாளிக்கான ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருப்பது காகிதம் போன்ற எலும்பு, அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டி இடது பக்கம் என்றால் தயங்காமல் எலும்புவரை சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகு கதிர் சிகிச்சையும் கொடுக்கலாம், பார்வையில்லாத கண்ணுக்கு இனி என்ன ஆகப்போகிறது. வலது என்றால் அதே வைத்தியம் அவருடைய ஒரே கண்ணைப் பறித்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கொடுத்தாலும் அதே கதிதான். ஒன்றும் செய்யாமல் விட்டால் கண் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

"மறுபடி மயக்க மருந்து குடுத்து உள்ள போறேன்" என்றார் மூக்கு டாக்டர். "ரெண்டு பக்கமும் சந்தேகப்படற இடத்துலயெல்லாம் கிள்ளித் தரேன். நீங்க அங்கயே உறைய வச்சி, அப்பவே பாத்துச் சொல்லுங்க. வேர் மிச்சம் இருந்தா சிக்கிடும்."

"மிச்சமே இல்லாம எல்லாம் அன்னைக்கே வந்திருந்தா?"

"அப்ப நாம மாட்டினோம்."

"அவரு மாட்டினாரு சார்" என்றாள் அவள். வெளியே யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்திருக்கும்போது, "கேன்சர்னு அவங்ககிட்ட சொல்லிடணும் சார்" என்றாள்.

"சொன்னா அடுத்த கேள்வி எந்தப் பக்கம்னுதான் வரும். என்னன்னு சொல்றது? பாட்டில் கதையையா? பக்கம் தெரியட்டும் மேடம், சேத்துச் சொல்லிக்கலாம்."

அது தப்பு என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பேசியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டும் இருப்பார், கெட்டவர் இல்லை. ஆனால் மேஜையில் தட்டுகள் காத்துக்கொண்டிருந்தன, கழுத்து விண்விண் என்று தெறித்தது, ஒரு வார்த்தைக்கு மேல் இன்னொரு வார்த்தை பேசக்கூட அலுப்பாக இருந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ரிப்பேர்காரரையும் அவர் மனைவியையும் வரவழைத்தபோது, தனியாகப் பேசத் தயக்கமாக இருந்ததோ என்னவோ, மூக்கு டாக்டர் அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தான் பார்த்த சதைக்குச் சொந்தக்காரரை அவள் நேரில் பார்ப்பது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஒல்லியான மனுஷர். இடது கண் வெளிறிப்போய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. வலது கண் மட்டும் அறையில் ஒரு பொருள் விடாமல் துருவியது. மூக்கு டாக்டரின் மேஜையில் கிடந்த உடைந்த சார்ஜர்வரை அது போய்விட்டு வந்தது.

"இந்த மேடம் யாரு டாக்டர்?" என்று கேட்டார்.

"உங்க சதையை லென்ஸ்ல வச்சிப் பாத்தவங்க."

"அட, அப்ப நம்ம தொழில்தான்! நானும் நாள் பூரா லென்ஸ்லதான் மேடம் குடும்பம் நடத்தறேன். அதுல எனக்கு ஒரு வசதி. மத்தவங்க லென்ஸ் வச்சா ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கணும். எனக்கு அந்தச் சிரமம் இல்ல."

சொல்லிவிட்டுத் தானே பெரிதாகச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் இவருக்கு விளையாட்டுத்தான்" என்று அலுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் பல நாள் தூக்கம் பாக்கி இருந்தது. கணவரின் குறட்டையா, கவலையா, இரண்டுமா, தெரியவில்லை.

"இன்னொரு தடவை உள்ள பாக்கணும்மா. கொஞ்சம் மிச்சம் இருக்குமோன்னு ஒரு சின்ன சந்தேகம்" என்றார் மூக்கு டாக்டர்.

"பயப்படற மாதிரி எதுவும் இல்லையே டாக்டர்?"

"பாத்துட்டுச் சொல்றேன்மா."

கண்ணாடி டாக்டரால் சும்மா இருக்க முடியவில்லை. "மூக்குல எப்பவாவது ரத்தம் வந்திச்சா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"வந்திச்சி மேடம், அப்பப்ப லேசா. கர்சீப்பை வச்சி ரெண்டையும் சேத்துத்தான் சிந்துவேன். எந்தப் பக்கம்னு யாரு கண்டா?"

"தலையணையில கறை இருக்குமே?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

"இவரு குப்புறப் படுக்கற ஆளு மேடம். தலையணை பூராவும்தான் இருக்கும். தோய்க்கறவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்" என்றாள் மனைவி. சொன்னதும், இவர்கள் எதற்கு இதையெல்லாம் நோண்டிக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு டாக்டர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடி டாக்டர் குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டாள்.

அன்று வீட்டில் எதையும் சாப்பிடப் பிடிக்கவில்லை. "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் கணவர். கழுத்துவலி என்றாள். அவர் தைலத்தை எடுத்துவந்து, செய்தி பார்த்துக்கொண்டே தேய்த்துவிட்டார். பாதித் தைலம் ரவிக்கையில்தான் போயிற்று. நாத்தனார் போனில் வந்து, சளி பிடித்தால் ஆவி பிடிக்கலாமா என்று கேட்டாள். பிடிக்கலாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பயமாக இருந்தது அவளுக்கு. வெட்கமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அலுப்பாக இருந்தது. அந்தச் சில்லின் மூலையைப் பார்க்காமலே விட்டிருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதை நினைத்து, கணவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஆபரேஷன் நாளன்று பச்சை உடுப்பும் தொப்பியும் மாட்டிக்கொண்டு அவளே ஆபரேஷன் அறைக்குப் போனாள். "வழி தெரிஞ்சி வந்துட்டீங்களே மேடம்" என்று நர்ஸ் கிண்டல் செய்தாள். போனில் அன்று "சரிங்க மேடம்" சொன்ன அதே குரல். கண்ணாடி டாக்டர் நேராக மேஜைக்குப் போனாள். மேஜையின் வலது ஓரத்தில் வலதுக்கு ஒரு தட்டும் இடது ஓரத்தில் இடதுக்கு ஒரு தட்டும் வைத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். மூக்கு டாக்டர் குழாய் போன்ற கேமராவை உள்ளே விட்டு, "வலது, பக்கச் சுவர்" என்று கிள்ளித் தருவார். இவள் "வலது, பக்கச் சுவர்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்கத் திருப்பிச் சொல்லி வாங்கிக்கொள்வாள். இதில் யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் உறைய வைக்கும் இயந்திரம் இருந்தது. டெக்னீஷியன் துண்டுகளை ஐஸாக்கி, சீவி, சாயம் போட்டுக் கொடுக்கக் கொடுக்க அவள் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள் என்றால் மிகையில்லை. வலது பக்கம் முதலில் வந்தது. சுத்தம். அடுத்ததும் சுத்தம். வலது பக்கத்துத் துண்டு எல்லாமே சுத்தம்.

"அப்ப இடதுதான் மேடம்!" என்றார் டெக்னீஷியன்.

"சுத்தம்னா இப்ப அங்க இல்லன்னுதான் அர்த்தம். முன்னாடி இருந்திச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? அன்னைக்கே வேரோட வந்திருந்தா?" என்று சிடுசிடுத்தாள். அவர் அடுத்த துண்டை எடுத்தார்.

இடது பக்கம் வந்தது. சுத்தம். மறுபடியும் சுத்தம். நோயில்லை என்று பார்க்கப் பார்க்க ஒருத்திக்குப் பயம் கூடுமா? கூடியது. இருக்கட்டும், எங்காவது இருந்து தொலைக்கட்டும், இடது பக்கம் இருக்கட்டும் என்று ஒரு மனுஷருடைய மூக்குக்குள் புற்றுநோய் இருக்கச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சார், இடது கன்ன எலும்புப் பொந்துக்குள்ள பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். அங்க தழும்பு மாதிரித்தான் இருக்கு."

"அதைக் கிள்ளுங்க."

"வெறும் தழும்பு மேடம்."

"கிள்ளுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தத் துண்டு கடுகத்தனைதான் இருந்தது. டெக்னீஷியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினார். சில்லை வைத்துக் குனிந்தாள். முதலில் தழும்புதான் தெரிந்தது. நகர்த்தினாள். தழும்புக்கு அடியில் விரல் விரலாக உள்ளே இறங்கிய அதே தோல். அதன் ஓரத்தில், வரிசை கலைந்து, கரு பெருத்து, அதே கூட்டம்.

"இடது!" என்று கத்தினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "இடது சார், இடது!"

நர்ஸ் கை தட்டியேவிட்டாள். மயக்க மருந்து டாக்டர்கூட, விஷயம் முழுசும் தெரியாமலே சிரித்தார். மூக்கு டாக்டர் கண்ணை மூடித் திறந்து, "அப்பாடா" என்றார். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது கண்ணாடி டாக்டருக்கு. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாருக்காவது காபி வாங்கித் தர வேண்டும் போல இருந்தது.

"இப்பவே அந்தச் சுவரோட சேத்து எடுத்துடலாம் மேடம். இன்னொரு தடவை மயக்கம் குடுக்க வேணாம். அந்தம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவோம், வாங்க" என்றார் அவர். ஆளை மயக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

ரிப்பேர்காரர் மனைவி தாழ்வாரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்ததும் எழுந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வருகிற இரண்டு டாக்டர்களைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் முகமும் மலர்ந்துவிட்டது.

"டாக்டர்?"

"நல்ல சேதிம்மா! நாங்க பயந்த மாதிரி இல்ல" என்றார் மூக்கு டாக்டர்.

அவள் கண்ணாடி டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா. உங்க முகத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள். ஒரு கையை விட்டுவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். மணி அடித்ததோ இல்லையோ, "அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி! டாக்டருங்களே சிரிச்சிக்கிட்டு வெளிய வந்தாங்க. நீ அழாத, போய் வேலையைப் பாரு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கண்ணாடி டாக்டருக்கு உறைத்தது. இடது, வலது என்ற தவிப்பெல்லாம் தங்கள் இருவருடையது. இந்தப் பெண்ணிடம் நோயின் பெயரையே யாரும் சொல்லவில்லை. அவளுக்கு நல்ல சேதி என்றால் ஒரே ஒரு சேதிதான், அது இல்லை. மூக்கு டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிய விதத்திலேயே தெரிந்தது.

"போனைக் கொஞ்சம் கீழ வைங்கம்மா" என்றாள்.

"மகதான் மேடம். ஒரே அழுகை, அதான்..."

"வைங்கம்மா. உக்காருங்க." அவளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடித்திருந்த கையை விடவில்லை. "அவருக்கு இருக்கறது கேன்சர்தான்மா. இடது மூக்குல. ஆரம்பத்துலயே பாத்துட்டோம். இப்பவே எடுக்கணும், அப்புறம் கதிர் சிகிச்சையும் குடுக்கணும். பார்வை இருக்கற கண்ணுப் பக்கம் இல்ல, அதனால கண்ணைக் காப்பாத்திடலாம்."

அந்தப் பெண் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டாள். மடியில் கிடந்த போனிலிருந்து மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது மெல்லிசாகக் கேட்டது.

"அப்ப ஏன் ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே வந்தீங்க?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. மூக்கு டாக்டர், "அது வந்தும்மா, எந்தப் பக்கம்னு..." என்று இழுத்தார். கண்ணாடி டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்மா. அவரோட சதையைப் பக்கம் பக்கமாப் பிரிச்சி வைக்காம ஒண்ணாக் கலந்துட்டோம். அப்படிக் கலக்கச் சொன்னது நான்தான். அதனால அவரோட நல்ல கண்ணு போயிருக்கும். போகலன்னு இப்பத்தான் தெரிஞ்சிது. நாங்க தப்பிச்சிட்டோம்னு சிரிச்சோம்."

அந்தப் பெண் தன் கையை உருவிக்கொண்டாள். மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "அப்புறம் பேசறேன்டி" என்று அணைத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு உள்ள மயக்கத்துலதானே இருக்காரு?"

"ஆமாம்மா."

"எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க" என்றாள். "மிச்சத்தை அவரு எழுந்தப்புறம், அவரு எதிரில சொல்லுங்க. நானும் இருப்பேன்."